மீண்டும் ஊற்றும் எண்ணெய்

ஆங்கிலத்தில் 'ரீஃபியூல்' என்றொரு வினைச்சொல் உண்டு. விமான நிலையத்திலும், துறைமுகத்திலும், நெடுஞ்சாலையிலும் நாள்தோறும் புழங்குகின்ற சொல் அது. அகராதியைத் திறக்கும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'மீண்டும் எரிபொருள் நிரப்புதல்' என்னும் பொருள் கிடைக்கிறது. பொருள் சரியே. ஆயினும் அடுப்படியில் நிற்கும் எந்தத் தாயும் தன் மகளை அழைத்து, "அடுப்புக்கு மீண்டும் எரிபொருள் நிரப்பு" என்று சொல்லக் கேட்டதில்லை. "விறகைத் தள்ளிவிடு" என்பாள். விளக்காயின் "எண்ணெய் விடு" என்பாள். மோட்டார் சைக்கிளாயின் அவள் மகன் "பெட்ரோல் போட்டு வருகிறேன்" என்று கிளம்புவான். ஆங்கிலேயர் ஒரே சொல்லில் அடக்கியதை நாம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இந்த வேறுபாட்டைச் சற்றே ஆராய்வது மாணவர்க்கு மட்டுமன்றிக் குடும்பத்தார்க்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

'ஃபியூல்' என்னும் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் 'ஃபோக்குஸ்' என்றால் வீட்டின் நடுவே அமைந்த அடுப்பு. ரோமருக்கு அதுவே இல்லத்தின் இதயம். நாளடைவில் அச்சொல் அடுப்பைக் கடந்து நெருப்பையே குறிக்கலாயிற்று. இத்தாலியரின் 'ஃபுவோக்கோ', ஸ்பானியரின் 'ஃபுவேகோ', பிரெஞ்சுக்காரரின் 'ஃப்யூ' எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. இடைக்கால லத்தீன் சட்ட வழக்கில் 'ஃபோக்காலியா' என்றொரு சொல் தோன்றியது. அடுப்புக்கு வேண்டிய விறகைக் கேட்டுப் பெறும் உரிமை என்பது அதன் பொருள். அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து 'ஃபியூல்' ஆயிற்று. எரிக்கும் பொருளைச் சுட்டும் இச்சொல்லின் பழைய வடிவம் ஓர் உரிமையைச் சுட்டியது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

இடையே ஒரு சுவையான செய்தி. கெப்ளர் என்னும் வானியல் அறிஞர் 1604ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கூம்பு வெட்டு வளைவுகளின் குவியப் புள்ளிக்கு 'ஃபோக்குஸ்' என்று பெயரிட்டார். சூரிய ஒளி அங்கே குவிந்தால் பஞ்சு பற்றி எரியுமன்றோ? இன்று புகைப்படக்காரர் "ஃபோகஸ் சரியில்லை" என்று சொல்லும்போது பழைய ரோமரின் அடுப்பைத்தான் அறியாமல் நினைவுகூர்கிறார். ஊரடங்குச் சட்டத்தைக் குறிக்கும் 'கர்ஃப்யூ' என்னும் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரவில் மணியடித்ததும் தீயை மூடிவிட வேண்டும் என்பது அன்றைய ஐரோப்பிய ஊர்களின் கட்டளை. 'நெருப்பை மூடு' என்னும் பிரெஞ்சுத் தொடரே சுருங்கி அச்சொல்லாயிற்று. நம் பாட்டிமாரும் இரவில் தணலைச் சாம்பலிட்டு மூடிவைத்துக் காலையில் ஊதி எழுப்பியவர்கள்தாமே!

இனி ஆங்கில வழக்கைக் காண்போம். 'விமானம் ரீஃபியூல் செய்தது' என்று ஆங்கிலத்தில் எழுதலாம். 'ஊழியர்கள் விமானத்தை ரீஃபியூல் செய்தனர்' என்றும் எழுதலாம். செயப்படுபொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வினை நிற்கும். தமிழில் 'விமானம் எரிபொருள் நிரப்பியது' என்று எழுதினால், அது வேறெதிலோ எரிபொருளை நிரப்பியது போல் ஆகிவிடும். 'விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டது' என்றால் குழப்பம் நீங்கும். 'கொள்' என்னும் சிறு துணைவினை அங்கே செய்யும் வேலை பெரிது. தேர்வு எழுதும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறந்தகால வடிவில் பிரிட்டிஷார் 'எல்' எழுத்தை இரட்டிப்பர்; அமெரிக்கர் ஒன்றோடு நிறுத்துவர். இரண்டும் சரியே, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதுவதே பிழை.

'ரீஃபில்' என்பதையும் 'ரீஃபியூல்' என்பதையும் பலர் ஒன்றாகக் கொள்கின்றனர். முன்னது பாத்திரத்தைப் பற்றியது. பேனா, தண்ணீர்ப் பாட்டில், மருந்துச் சீட்டு ஆகிய எதற்கும் பொருந்தும். பின்னது நெருப்பையும் எஞ்சினையும் பற்றியது. எரிவதற்கு ஒரு பொருள் தீர்ந்து, மறுபடி அது வந்து சேர்வதைச் சொல்வது. பாதி இருக்கும்போதே கொஞ்சம் சேர்த்தால் அதற்கு 'டாப் அப்' என்பர். கப்பலுக்கு எரியெண்ணெய் ஏற்றுவதற்கோ 'பங்கரிங்' என்னும் தனிச்சொல் உண்டு. நம்மவர் வழக்கில் உள்ள 'பெட்ரோல் பங்க்' தென்னாட்டுக்கே உரியது. வடநாட்டார் அதைப் 'பெட்ரோல் பம்ப்' என்கின்றனர்.

இந்த வேறுபாடு காரைக்குடிக்காரர்களுக்கு ஏட்டறிவு மட்டுமன்று. 'சிக்ரி' என்று நாம் செல்லமாக அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார்; 1953ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மின்கலங்களைப் பற்றிய ஆய்வு அங்கே நடைபெறுகிறது. கைப்பேசியில் உள்ள மின்கலம் தீர்ந்தால் மின்சாரம் செலுத்தி உள்ளே நடந்த வேதிவினையைத் திருப்புகிறோம். இதற்கு 'ரீசார்ஜ்' என்று பெயர். எரிபொருள் மின்கலம் என்பது வேறு வகை. 1839ஆம் ஆண்டளவில் வில்லியம் குரோவ் என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞர் கண்டறிந்தது. அது மின்சாரத்தைச் சேமித்து வைப்பதில்லை. வெளியிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்க, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. ஹைட்ரஜன் நின்றால் மின்சாரமும் நிற்கும். ஆகவே அதற்கு 'ரீசார்ஜ்' பொருந்தாது, 'ரீஃபியூல்' ஒன்றே பொருந்தும். ஒன்றில் சாம்பலை மீண்டும் விறகாக்குகிறோம். மற்றதில் புது விறகைத் தள்ளுகிறோம். சொல்லின் வேறுபாட்டுக்குப் பின்னே பொருளின் வேறுபாடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தென்படவில்லை.

தமிழுக்கு வருவோம். 'இந்தனம்' என்னும் வடசொல் நம் பழைய அகராதிகளில் விறகு என்னும் பொருளோடு காணப்படுகிறது; இந்தி மொழியின் 'ஈந்தன்' அதன் உடன்பிறப்பு. 'எரிபொருள்' எளிய, தெளிவான தமிழ். ஆனால் பெயர்ச்சொற்களைக் காட்டிலும் நம் வினைச்சொற்களே எண்ணத்தக்கவை. தீயை மூட்டுகிறோம், வளர்க்கிறோம், ஓம்புகிறோம், பேணுகிறோம். விளக்கைத் தூண்டுகிறோம். இவற்றுள் 'வளர்', 'ஓம்பு', 'பேணு' ஆகியவை குழந்தைக்கும் பொருந்தும் சொற்கள். தமிழன் நெருப்பைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையாகக் கண்டிருக்கிறான் போலும். எதிர்ச்செயலுக்கும் அழகான சொல் வைத்திருக்கிறான். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது தானே அடங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இரண்டு மருமகள்களுக்கு நடுவே நிற்கும் மாமியார்கள் நினைவில் கொள்ளத்தக்க பழமொழி.

திரு வழிபாட்டிலும் இவ்வேறுபாடு தலைகாட்டுகிறது. நற்கருணைப் பேழையின் அருகே அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒலிவ எண்ணெயோ தேன்மெழுகோ வேண்டும் என்றது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் ஆயரின் விவேகப்படி வேறு எண்ணெய்கள், கூடுமானவரை தாவர எண்ணெய்கள், போதும் என்றும் வழிவிட்டது. திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் படிப்பினையில் இவ்விளக்கைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ப்பு எண்ணெயால் 'ஃபியூல்' செய்யப்பட்டது என்கிறது. லத்தீன் மூலத்தில் உள்ள வினையோ ஊட்டி வளர்த்தல் என்னும் பொருள் தருவது. தாய் பிள்ளைக்குச் செய்வது. எனக்கு லத்தீன் மூலமும் நம் தமிழும் ஒரு பக்கத்தில் நிற்பதாகப் படுகிறது.

விளக்குக்கு மீண்டும் மீண்டும் எண்ணெய் ஊற்றுவது யார் பொறுப்பு? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு மிக நேர்த்தியான விடை ஒன்று கண்டிருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நந்தா விளக்கு' என்னும் தொடர் எண்ணற்ற இடங்களில் வருகிறது. அணையா விளக்கு என்பது அதன் பொருள். அத்தகைய விளக்கு ஒன்றை ஏற்ற விரும்பியவர் குத்துவிளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவ்வாடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோவிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்னும் கணக்கும் காணப்படுகிறது.

இதில் வியப்புக்குரியது ஆடுகளுக்கு இட்ட பெயர். 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் ஒன்று இறந்தால் பிறந்த குட்டிகளில் ஒன்று அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை 96 ஆகவே நிற்க வேண்டும். மந்தை முதலாக நின்றது. நெய் வட்டியாக வந்தது. வட்டித் தொழிலில் பெயர்பெற்ற நம் செட்டிநாட்டார்க்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. இன்றைய நிதியறிஞர் 'அறக்கட்டளை மூலதனம்' என்று சொல்வதை அன்றைய ஊர்ச்சபையார் ஆட்டு மந்தையைக் கொண்டே நடத்தியிருக்கின்றனர். கொடையாளர் முதல் நாள் நெய்யைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் நெய்யையும் இருநூறாம் ஆண்டு நெய்யையும் பற்றியே கவலைப்பட்டார்.

இலங்கையில் வேறு வழி கண்டனர். தெதிகம என்னும் ஊரில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரமபாகு மன்னனோடு தொடர்புடைய கோட்டவெகர தூபியில் கிடைத்த வெண்கலத் தூக்குவிளக்கு ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகன்ற தட்டின் நடுவே ஒரு யானை நிற்கிறது. அதன் உடல் உள்ளீடற்றது. அதுவே எண்ணெய்க் கிடங்கு. தட்டிலுள்ள எண்ணெய் குறைந்தால் ஒரு துளை வெளிப்பட்டுக் காற்று யானையின் வயிற்றினுள் புகும். எண்ணெய் கீழே வடியும். தட்டில் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று தடைபடும், எண்ணெய் நின்றுவிடும். கோழிக்குஞ்சுகளுக்குப் பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் வைக்கிறோமே, அதே தத்துவம். கைபடாமல் தனக்குத்தானே ஊட்டிக்கொள்ளும் விளக்கு! தூண்டாமணி விளக்கு என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இது நன்கு பொருந்தும்.

அதே இலங்கையில் திருகோணமலையில் பிரிட்டிஷார் தம் கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் வழங்குவதற்காகப் பெருந்தொட்டிகளைக் கட்டினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோ லிட்டர் கொள்ளத்தக்கது; 99 தொட்டிகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கூட்டாகப் பயன்படுத்த 2022ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் இடம் கைவசம் இல்லாத கடற்படை கரையை விட்டு அதிக தூரம் செல்ல இயலாது. அதனாலேயே ஒரு துறைமுகத்தின் மீது இத்தனை பேர் கண் வைக்கின்றனர்.

வானத்திலும் இதே கதைதான். செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணை வளாகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்நாளைய விமானம் எண்ணெய்க்காகத் தரையிறங்கியே தீர வேண்டியிருந்தது. பறந்துகொண்டே எண்ணெய் பெறும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது உண்மை. 1923ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்க இராணுவ விமானம் ஒன்றிலிருந்து கீழே பறந்த மற்றொன்றுக்குக் குழாயைத் தொங்கவிட்டுப் பெட்ரோல் ஊற்றினர். நம் விமானப்படையில் இதற்கென்றே அமைந்த எண்ணெய் விமானங்கள் 2003ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றன. 2020ஆம் ஆண்டு ஜூலையில் பிரான்சிலிருந்து அம்பாலாவுக்கு வந்த ரபேல் விமானங்களும் வழியில் வானிலேயே எண்ணெய் பெற்றன.

மனிதரைக் குறித்தும் இச்சொல்லை ஆளும் வழக்கம் ஆங்கிலத்தில் பெருகிவிட்டது. ஓட்டக்காரர் பழம் உண்டால் 'ரீஃபியூல்' செய்தாராம். அலுவலர் காப்பி குடித்தாலும் அதுவே. ஆண்டுத் தியானத்தையும் இப்படிச் சொல்லும் மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது உவப்பாக இல்லை. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுவது மேலும் ஓட்டுவதற்காக. ஓட்டம் தேவையில்லை என்றால் எண்ணெயும் தேவையில்லை. தாய் ஊட்டும் சோறு அப்படிப்பட்ட கணக்கில் வருவதன்று. பிள்ளை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஊட்டுவாள். தமிழில் இவ்வுருவகத்தைப் பெயர்த்து எழுத முயல்வோர் 'உண்டு இளைப்பாறினார்' என்னும் பழைய தொடரையே ஆளலாம்.

இனி, நம் அடுப்படி. எரிகின்ற ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றியதால் உயிரிழந்தோரும் உடல் வெந்தோரும் நம் நாட்டில் பலர். பெரும்பாலோர் பெண்கள். சூடேறிய தொட்டியில் எழும் ஆவி சுடரைத் தொட்டதும் கையிலிருக்கும் கலத்தையே பற்றிக்கொள்கிறது. அணைத்து, ஆறவிட்டு, பிறகே ஊற்ற வேண்டும். பெட்ரோல் இன்னும் கொடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். பாட்டிலில் வாங்கி வீட்டில் வைத்திருப்போர் இன்றே அப்பழக்கத்தை விட வேண்டும். பங்கில் எஞ்சினை நிறுத்தச் சொல்வதும் வெறும் சம்பிரதாயமன்று.

சமையல் எரிவாயு வந்தபின் இத்துயரம் வெகுவாகக் குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் பெண்கள் பெயரில் இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கப்பெற்றது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு அடுப்பும் முதல் உருளையும் சென்று சேர்ந்தன. பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அளித்த அறிக்கை ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டு முடிவில் கணக்கிட்டபோது, இத்திட்டத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்த குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு 3.21 உருளைகளே வாங்கியிருந்தன. ஓர் உருளையில் இருப்பது 14.2 கிலோ. ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சமையலுக்கு அது எப்படிப் போதும்? மீதி நாள்களில் எரிந்தது விறகுதான். அரசும் இதை உணர்ந்து 2022ஆம் ஆண்டு மே மாதம் இக்குடும்பங்களுக்கு உருளை ஒன்றுக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்து, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதை 300 ரூபாயாக உயர்த்தியது.

நம் சிவகங்கைச் சீமையில் விறகுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சீமைக் கருவேலம் கண்மாய்க் கரையெங்கும் மண்டிக்கிடக்கிறது. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைப்போரும் உளர். கையெட்டும் தூரத்தில் விறகு இருக்க, கையில் காசு இல்லாதபோது, ஒரு தாய் உருளையை மூலையில் நிறுத்தித் துணியால் மூடிவைத்துவிட்டு மீண்டும் புகையில் உட்காருகிறாள். விருந்தாளி வந்தால் தேநீருக்கு மட்டும் அடுப்பைத் திறக்கிறாள். வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். அவளிடம் அடுப்பு உண்டு, இணைப்பு உண்டு. இல்லாதது இரண்டாம் உருளை. பத்துக் கன்னியர் உவமையிலும் விளக்கில்லாதவர் எவருமில்லை. முதலில் ஊற்றிய எண்ணெய் எல்லாரிடமும் இருந்தது. நள்ளிரவில் மறுபடி ஊற்றும் எண்ணெயில்தான் சிக்கல் வந்தது. அவ்வுவமையின் பேதைக் கன்னியர் முன்யோசனை இல்லாதவர்கள். நம் தாயோ கணக்குப் பார்த்தே அடுப்பை மூடிவைத்திருக்கிறாள். அவளைப் பேதை என்பது அநியாயம்.

'ரீ' என்னும் அந்தச் சின்ன முன்னொட்டின் கனம் இங்கேதான் தெரிகிறது. நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியக் குழுக்களும் கிறிஸ்து பிறப்பு நாளில் ஏழை வீடுகளுக்கு அரிசியும் துணியும் கொடுத்து வருகின்றனர். அடுப்பு வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். புதிதாக ஓர் அடுப்பு வாங்கும் பணத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ முதலாக நிறுத்தி, பல குடும்பங்கள் சேர்ந்து அதைப் பெருக்கி, அதன் வட்டியிலிருந்து தனித்து வாழும் விதவை ஒருத்திக்கு ஆண்டில் இரண்டு உருளைகள் கிடைக்க வழிசெய்யலாம். உருளைக்குரிய தொகையைக் கையில் கொடாமல் விநியோகிப்பவரிடமே கட்டி இரசீது வாங்கிவைப்பது நலம். சிறு பங்காயின் ஒரு வீட்டோடு தொடங்கலாம். முதல் கணக்கை யார் எழுதுவது, முதல் தவறாமல் நிற்கிறதா என்று ஆண்டுதோறும் யார் பார்ப்பது என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சோழர் காலத்து ஊர்ச்சபையார் அதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். நமக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.